மூலிகை எண்ணெய் பாக்டீரியாவைக் கொல்லும். எவ்வளவு எண்ணெய் என்பதுதான் கேள்வி

கேள்வி இது: "தைம், ஆரிகானோ, கிராம்பு, பூண்டு போன்றவற்றின் சாறும் எண்ணெயும் பாக்டீரியாவைக் கொல்லும் என்று நிறைய ஆய்வுகள் சொல்கின்றன. இவற்றில் எது வலிமையானது? பூண்டையும் தைம் கிளைகளையும் ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்து இரண்டு வாரமாகச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அது கெடாதுதானே? தொண்டைவலிக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பதிலாக ஆரிகானோ எண்ணெய் எடுத்துக்கொள்ளலாமா? காய் வெட்டும் பலகையைத் தைம் எண்ணெய் கலந்த தண்ணீரால் துடைத்தால் போதுமா?"

நான்கில் இரண்டாவதுதான் அவசரம். எழுந்து போய் அந்தப் பாட்டிலை அப்புறப்படுத்திவிட்டு வாருங்கள். கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்க்க வேண்டாம். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். அதில் நஞ்சு உருவாகியிருந்தாலும் மணமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், மற்ற விஷயங்கள் தெரிந்தால்தான் அது விளங்கும்.

மூலிகை எண்ணெய்கள் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதில் ஐயம் இல்லை. உணவு நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் என் கையாலேயே கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறேன். ஆனால் 'கொல்லும்' என்ற சொல் தனியாக நின்றால் அதற்குப் பொருள் கிடையாது. உப்பும் கொல்லும், வெந்நீரும் கொல்லும். எவ்வளவு போட்டால், எந்தப் பாக்டீரியாவை, எத்தனை நிமிடத்தில், கூட வேறு என்னென்ன இருக்கும்போது என்று கேட்காத வரை அது விளம்பர வாசகம் மட்டுமே.

செடி இந்த எண்ணெயை நமக்காகச் சுரக்கவில்லை. இலையை மேயவரும் புழுவையும் பற்றிக்கொள்ளும் பூஞ்சையையும் விரட்டத்தான் சுரக்கிறது. ஒரு தைம் இலையை உருப்பெருக்கியில் பார்த்தால் மேற்பரப்பில் சின்னச்சின்னக் குமிழ்கள் ஒட்டியிருப்பது தெரியும். விரலால் நசுக்கினால் உடைவது அவைதான். குப்பென்று எழும் மணம் அவற்றுக்குள் இருந்த எண்ணெயின் மணம். அந்த எண்ணெயில் பல பத்து வேதிப்பொருள்கள் கலந்திருந்தாலும் கொல்லும் வேலையைப் பெரும்பாலும் ஓரிரண்டுதான் செய்கின்றன. தைமில் தைமால், ஆரிகானோவில் கார்வக்ரால், கிராம்பில் யூஜெனால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு. தைமால் புதிய சரக்கு அல்ல. காஸ்பர் நாய்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1719இலேயே அதைத் தைமிலிருந்து தனியாகப் பிரித்துவிட்டார். நமக்கு நன்றாகத் தெரிந்த ஓமத்தின் காரமும் அதே தைமால்தான். கற்பூரவள்ளி இலையின் மணத்திலும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான் இருக்கிறது.

எது வலிமையானது என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். தைமால், கார்வக்ரால், யூஜெனால் மூன்றும் பீனால் என்ற ஒரே வேதிக் குடும்பம். இவற்றை நிறைய வைத்திருக்கும் ஆரிகானோ, தைம், கிராம்பு எண்ணெய்கள் முன்வரிசையில் நிற்கும்; இலவங்கப்பட்டையும் அவற்றோடு சேரும். அடுத்த வரிசையில் எலுமிச்சைப்புல், கொத்தமல்லி. புதினா, ரோஸ்மேரி, சேஜ் அதற்கும் பின்னால். மணம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதற்கும் கொல்லும் வலிமைக்கும் தொடர்பில்லை. ஹேமர், கார்சன், ரைலி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1999இல் 52 தாவர எண்ணெய்களையும் சாறுகளையும் ஒரே முறையில் சோதித்தார்கள். 2 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ கலந்தபோது, சோதித்த எல்லா நுண்ணுயிரிகளையும் தடுத்தவை எலுமிச்சைப்புல், ஆரிகானோ, பே இலை எண்ணெய்கள் மட்டுமே.

ஆனால் இந்த வரிசையை மனப்பாடம் செய்து கடைக்குப் போகாதீர்கள். செடியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண்ணெய் ஒன்றாக இருக்காது. தெற்கு பிரான்சில் காடாக வளரும் தைம் ஒரே இனம்தான். ஆனால் எண்ணெயைப் பகுத்துப் பார்த்தால் ஆறு வகை. ஒரு செடியில் தைமால் மிகுதி, இன்னொன்றில் கார்வக்ரால், வேறொன்றில் ஜெரானியால் அல்லது லினலூல். லினலூல் வகைத் தைம் எண்ணெயை வாங்கிவந்து தைமால் வகைக்கான ஆய்வு முடிவை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இலவங்க மரத்தின் பட்டையில் சின்னமால்டிஹைடு, அதே மரத்தின் இலையில் யூஜெனால். கொத்தமல்லி விதையில் லினலூல் மேலோங்கும். தழையில் அது போய் ஆல்டிஹைடுகள் ஆட்சி செய்யும். ஆய்வறிக்கை ஒன்று "தைம் எண்ணெய் பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதிவிட்டு அதில் என்ன எவ்வளவு இருந்தது என்று சொல்லாவிட்டால், நான் அதற்குமேல் படிப்பதில்லை.

இனி, எப்படிக் கொல்கிறது? பாக்டீரியாவை ஓர் ஏரியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சவ்வுதான் கரை. கரைக்கு வெளியே புரோட்டான்களும் உள்ளே பொட்டாசியமும் தேங்கியிருக்கின்றன. அந்த வேறுபாட்டின் அழுத்தத்தை வைத்துத்தான் அந்த உயிரி தனக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்குகிறது. கார்வக்ரால் கொழுப்பில் கரையும் பொருள். சவ்வும் கொழுப்பால் ஆனது. அதனால் தடையின்றி உள்ளே புகுந்து, அடுக்காக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. கரை இளகுகிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, புரோட்டான் உள்ளே வழிகிறது, ஆற்றல் உற்பத்தி நிற்கிறது. இதற்குக் கார்வக்ராலின் ஹைட்ராக்சில் முனை, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து நிற்கும் பகுதி, மிக அவசியம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் பேசில்லஸ் சீரியஸ் பாக்டீரியாவை வைத்து இதைக் காட்டினார்கள். அந்த முனை மட்டும் இல்லாத பாரா-சைமீன் என்ற பொருளும் சவ்வுக்குள் நன்றாகவே நுழைகிறது; ஆனால் தனியாகக் கொல்ல முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், பாரா-சைமீனும் கார்வக்ராலும் சேர்ந்தால் வீரியம் கூடுகிறது. முதலாவது சவ்வை உப்பவைத்து வழி விடுகிறது, இரண்டாவது உள்ளே போய்க் காரியத்தை முடிக்கிறது. பிரித்தெடுத்த தனிப்பொருளைவிட முழு எண்ணெய் சில சமயம் நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

இதே காரணத்தால் எல்லாப் பாக்டீரியாவும் ஒரே மாதிரி சாவதில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைக்கு வெளிச்சவ்வு கிடையாது, எண்ணெய் நேரே போய்ச் சேரும். ஈ. கோலை, சால்மொனெல்லா போன்ற கிராம்-நெகட்டிவ் வகைக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. எண்ணெயை ஒதுக்கித் தள்ளும் தன்மை அதற்கு இருக்கிறது. சூடோமோனாஸ் இதற்கும் ஒருபடி மேல். மீறி உள்ளே வந்ததையும் பம்பு போட்டு வெளியே இறைத்துவிடும். அதன் முன்னால் பெரிய பெரிய எண்ணெய்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கூடத் தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையத்தில் பரவும் முக்கால்வாசிச் செய்திகள் அந்தத் தட்டிலிருந்துதான் வருகின்றன. அகார் என்ற, பாக்டீரியா வளர்க்கும் கூழை ஊற்றிய பெட்ரி தட்டின் மேல் பாக்டீரியாவைப் பஞ்சால் சீராகத் தடவுவார்கள். 6 மில்லிமீட்டர் காகித வில்லையில் பத்து மைக்ரோலிட்டர் எண்ணெயை விட்டு அதன்மேல் வைப்பார்கள். தட்டை இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்துவிட்டு, மறுநாள் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தை அளவுகோலால் அளப்பார்கள். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வலியது என்று முடிவு. ஆன்டிபயாடிக்குக்கு இது பொருந்தும், அது தண்ணீரில் கரைந்து அகாரில் பரவும். எண்ணெய் அப்படிப் பரவாது. பரவாமல் ஆவியாகிப் பறக்கும்.

இந்தப் பாடத்தை நான் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆரிகானோ, ரோஸ்மேரி, புதினா மூன்றின் வில்லைகளையும் ஒரே தட்டில் வைத்தேன். ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் நனைத்த வில்லை ஒன்று. மறுநாள் திறந்தால் நான்கைச் சுற்றியும் அழகழகான வட்டங்கள். ரோஸ்மேரிக்கு இவ்வளவு வீரியமா என்று பூரித்துப்போய்க் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோதுதான் தண்ணீர் வில்லையின் வட்டம் கண்ணில் பட்டது. தண்ணீர் எதைக் கொல்லும்? மூடிய தட்டுக்குள் ஆரிகானோவின் ஆவி நிறைந்து, அக்கம்பக்கத்தில் வளர வேண்டியதையெல்லாம் அடக்கியிருக்கிறது. தனித்தனித் தட்டில் திரும்பச் செய்தபோது ரோஸ்மேரியின் வட்டம் வில்லையைத் தாண்டி ஒரு நூல் அளவுதான் இருந்தது. வில்லை வட்டத்தை மட்டும் காட்டி "ஆன்டிபயாடிக்குக்கு நிகர்" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் வில்லை நினைவுக்கு வருகிறது.

நம்பத்தக்க அளவீடு வேறு. திரவ ஊடகத்தில் எண்ணெயைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவுக்குக் கீழே போனால் பாக்டீரியா மீண்டும் வளர்கிறது என்று பார்ப்பது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு என்று அதற்குப் பெயர். ஈ. கோலைக்கு எதிராகத் தைம் எண்ணெயின் செறிவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.45 முதல் 1.25 மைக்ரோலிட்டர் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரோஸ்மேரிக்கு 4.5இல் தொடங்கிப் பத்தையும் தாண்டும். எடைக் கணக்கில், தூய தைமாலுக்கு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் தேவை. ஆம்பிசிலின் என்ற பழைய ஆன்டிபயாடிக்குக்கு, அதற்கு அடங்கும் ஈ. கோலையிடம், 2 முதல் 8 மைக்ரோகிராம் போதும். மூலிகையில் முதல் வரிசையில் நிற்பதே, ஆன்டிபயாடிக் வரிசையில் வைத்தால் இத்தனை பின்னால் போகிறது.

இந்த எண்களை அடுப்படிக்குக் கொண்டுபோவோம். ஒரு லிட்டர் சூப்பில் இரண்டு கிராம் உலர்ந்த தைம் போடுகிறீர்கள். தாராளமான அளவுதான். மருந்துத் தரத் தைமில் கிலோவுக்குக் குறைந்தது 12 மில்லிலிட்டர் எண்ணெய் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்தியல் நூலின் விதி. அந்தக் கணக்கில் இரண்டு கிராமுக்கு 24 மைக்ரோலிட்டர். ஆவியாகாமல் ஒரு துளிகூட வீணாகாமல் எல்லாமே சூப்பில் இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், மில்லிலிட்டருக்கு 0.024 மைக்ரோலிட்டர். தேவை 0.45. கிட்டத்தட்ட 19 மடங்கு பற்றாக்குறை.

அதோடு முடியவில்லை. உணவில் கொழுப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது. எண்ணெய் போய் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர்ப் பகுதியில் நீந்தும் பாக்டீரியாவுக்கு மிஞ்சுவது சொற்பம். சோதனைக்குழாயில் தேவைப்பட்டதைப்போல் உணவில் எத்தனை மடங்கு தேவை என்று வெவ்வேறு ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு குறைத்த பாலில் சுமார் இரு மடங்கு, பன்றி ஈரல் சாசேஜில் பத்து மடங்கு, சூப்பில் ஐம்பது மடங்கு, மென்மையான பாலாடைக்கட்டியில் 25 முதல் 100 மடங்கு. அந்த ஐம்பதை நம் கணக்கில் பெருக்கினால் ஒரு லிட்டர் சூப்புக்கு ஏறத்தாழ 1.9 கிலோ உலர் தைம் வேண்டும். பாத்திரத்தில் சூப் ஊற்ற இடம் இருக்காது. எண்ணெயாகவே ஊற்றிக்கொள்ளலாம் என்றால் லிட்டருக்கு நான்கைந்து தேக்கரண்டி ஊற்ற வேண்டிவரும். ஒரு வாய் வைத்தால் உதடும் நாக்கும் எரியும், விழுங்குவது ஆபத்து.

குளிர், புளிப்பு, உப்பு இவற்றோடு சேரும்போது மூலிகையின் பங்கு கூடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புளிப்பான ஊடகத்தில் இந்த எண்ணெய்கள் நீரைவிட்டு விலகிப் பாக்டீரியாவின் சவ்வை நாடிப் போகும். அங்கேயும் பெரும்பாலான வேலையைச் செய்வது அமிலமும் குளிரும்தான், மூலிகை கைகொடுக்கிறது. ஆனால் பாராட்டெல்லாம் மூலிகைக்குப் போய்விடுகிறது.

சாறு, கஷாயம் என்று வந்தால் கதை மாறும். தண்ணீரில் கொதிக்கவைத்தால் மணமுள்ள எண்ணெய் பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். தங்குவது ரோஸ்மரினிக் அமிலம் போன்ற, நீரில் கரையும் பாலிபீனால்கள். இவற்றின் பாக்டீரியா எதிர்ப்பு பலவீனமானது. ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றில் நிறையப் பொருள்கள் இறங்கும், ஆனால் அந்த ஆல்கஹாலே பாக்டீரியாவைக் கொல்லும். சாறில்லாத வெறும் ஆல்கஹாலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். ஒப்பிடாத ஆய்வுகள் ஏராளம். சாறு விஷயத்தில் துறைக்குள் ஒரு வரம்பும் உண்டு: மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போட்டால்தான் வேலை செய்கிறது என்றால் அதைப் பெரிதுபடுத்தக் கூடாது. ரோஸ்மேரிச் சாறு ஐரோப்பாவில் ஈ392 என்ற எண்ணோடு உணவுச் சேர்க்கையாக அனுமதி பெற்றிருக்கிறது. எதற்காகத் தெரியுமா? கொழுப்பு காறிப்போகாமல் தடுக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக. பாக்டீரியாவுக்காக அல்ல.

பூண்டு தனி ரகம். பாக்டீரியாவைத் தாக்கும் அதன் பொருள் அல்லிசின், ஆனால் முழுப் பூண்டில் அது கிடையாது. அல்லியின் என்ற பொருள் ஓர் அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலந்து சில நொடிகளில் அல்லிசின் பிறக்கிறது. கவல்லிட்டோ, பெய்லி என்ற ஆய்வாளர்கள் 1944இல் இதைப் பிரித்தெடுத்து, பாக்டீரியாவைத் தடுக்கிறது என்றும் காட்டினார்கள். கெட்டிக்காரப் பொருள்தான், ஆனால் நிலையற்றது. தானே சிதைந்து வேறு கந்தகச் சேர்மங்களாகிவிடும். நசுக்காமல் முழுப் பல்லை அப்படியே வேகவைத்தால் நொதி முதலிலேயே செத்துவிடும், அல்லிசின் பிறக்கவே பிறக்காது.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். மண்ணில் விளையும் எதன்மேலும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் ஒட்டியிருக்கலாம். ஸ்போர் என்பது உறங்கும் விதை போன்றது, சவ்வை இளக்கும் எண்ணெயெல்லாம் அதை அசைக்காது. அது விழித்துப் பெருகி, நான் முதலில் சொன்ன நஞ்சைச் சுரக்க மூன்று தேவை: காற்று இருக்கக் கூடாது, புளிப்பு இருக்கக் கூடாது, குளிர் இருக்கக் கூடாது. பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைத்தபோது இந்த மூன்றையும் நீங்களே ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டீர்கள். முழுப் பல்லாகப் போட்டிருந்தால் அல்லிசின் இல்லை. நசுக்கிப் போட்டிருந்தாலும் இந்நேரம் சிதைந்திருக்கும். தைமின் தைமால் அத்தனை ஆலிவ் எண்ணெயில் கரைந்து கிடக்கிறது. பூண்டின் ஈரத்தில் இருக்கும் பாக்டீரியாவிடம் அது ஏன் வரப்போகிறது?

இது கற்பனை ஆபத்து அல்ல. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு, அந்த நஞ்சால் தசைகள் செயலிழக்கும் பாட்டுலிசம் என்ற நோய் வந்தது. எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டுதான் காரணம். குளிரில் வைக்க வேண்டிய அந்தப் பாட்டில் மாதக்கணக்கில் அறை வெப்பத்தில் இருந்திருக்கிறது. 1989இல் நியூயார்க் மாநிலத்தின் கிங்ஸ்டனில் மேலும் மூவர். அதற்குப் பிறகு அமெரிக்காவில், விற்பனைக்கு வரும் பூண்டு எண்ணெய்க் கலவையில் அமிலமோ பாக்டீரியாவைத் தடுக்கும் வேறு பொருளோ சேர்த்தாக வேண்டும் என்று விதி வந்தது. பாக்டீரியாவைக் கொல்வதற்குப் பெயர்போன பூண்டு, தன்மேல் ஒட்டியிருந்த பாக்டீரியாவையே கொல்லவில்லை. வீட்டில் செய்துதான் தீருவேன் என்றால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், நான்கு நாளுக்குமேல் ஒரு கரண்டி மிஞ்சினாலும் கொட்டிவிடுங்கள்.

உலர்ந்த மசாலாப் பொருள்களும் இந்த விஷயத்தில் யோக்கியர்கள் அல்ல. 2007 முதல் 2009 வரையிலான நிதியாண்டுகளில் அமெரிக்காவுக்குள் வந்த மசாலாச் சரக்குகளைச் சோதித்தபோது 6.6 சதவீதத்தில் சால்மொனெல்லா இருந்தது. இறக்குமதியான மற்ற உணவுகளில் கண்டதைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. 2009-10இல் அங்கே சலாமி இறைச்சியின் மேல் தூவிய மிளகால் 272 பேர் நோயுற்றார்கள். உலர்ந்த பொருளில் எண்ணெய் தன் செல்லுக்குள் அடைந்து கிடக்கிறது, சால்மொனெல்லா மேலே தூசியோடு தூசியாக மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

"வெப்பநாட்டு மக்கள் உணவு கெடாமலிருக்கத்தான் காரசாரமாகச் சமைத்தார்கள்" என்று அடிக்கடி கேள்விப்பட்டிருப்பீர்கள். பில்லிங், ஷெர்மன் என்ற இருவர் 1998இல் 36 நாடுகளின் 4,578 இறைச்சிச் சமையல் குறிப்புகளை அலசி, வெப்பம் கூடக்கூட மசாலாவும் கூடுகிறது, பாக்டீரியாவை அடக்கத்தான் என்று எழுதினார்கள். நானும் பல ஆண்டுகள் அதை நம்பி மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். 2021இல் ப்ரோம்ஹாமும் உடன் ஆய்வாளர்களும் 70 சமையல் மரபுகளின் 33,750 குறிப்புகளை எடுத்து, நாடுகளின் வறுமை, மரபுத் தொடர்பு, விளையும் பயிர்கள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். தொற்றைத் தடுக்கத்தான் காரம் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அவர்கள் தரவில் காரமான உணவுக்கும் சாலை விபத்து மரணத்துக்கும்கூடத் தொடர்பு தெரிந்ததாம். மிளகாய் தின்றால் வண்டி மோதும் என்று யாரும் சொல்லமாட்டோம் அல்லவா?

இவ்வளவு சொல்வதால் மூலிகை எண்ணெய் எதற்கும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். சரியான இடத்தில் சரியான அளவில் வைத்தால் வேலை செய்யும். 1879இல் பிறந்த லிஸ்டரின் வாய்க் கொப்பளிப்பானில் தைமால் 0.064 சதவீதம், யூகலிப்டால் 0.092, மெத்தில் சாலிசிலேட் 0.060, மென்தால் 0.042. தைமாலை மட்டும் எடுத்தால் மில்லிலிட்டருக்கு 640 மைக்ரோகிராம். மேலே சொன்ன தடுப்புச் செறிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தாண்டிவிட்டது. பற்களின் மேற்பரப்பில் நேராகப் படுகிறது, நடுவில் சூப்பின் கொழுப்பு இல்லை, முடிந்ததும் துப்பிவிடுகிறோம். பல்லில் படியும் பாக்டீரியாப் படலமும் ஈறு அழற்சியும் குறைவதாக முறையான மருத்துவ ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்துப் பல்லில் வைப்பதும் இதே வகை. பொட்டலத்தின் உட்புறத்தில் கார்வக்ராலைப் பூசி அதன் ஆவியை வைத்து உணவைக் காப்பது குறித்தும் நிறைய ஆய்வு நடக்கிறது. என் தட்டில் என்னை ஏமாற்றிய அதே ஆவி அங்கே உதவிக்கு வருகிறது.

தொண்டைவலிக்கு வருவோம். பெரும்பாலான தொண்டைவலி வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை, ஆரிகானோவும் தேவையில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்திருந்தால் மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கை முழுமையாக எடுக்க வேண்டும்; விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகும். எண்ணெயை விழுங்கினால் ரத்தம் வழியாகத் தொண்டைக்குப் போய்ச் சேராதா என்றால், சேராது. 2002இல் ஓர் ஆய்வில் 1 மில்லிகிராம் சொச்சம் தைமால் அடங்கிய தைம் மாத்திரையைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். தைமால் தைமாலாகத் தென்படவே இல்லை. உடல் அதைச் சல்பேட்டாக மாற்றிவிட்டிருந்தது. அந்தச் சல்பேட்டின் உச்ச அளவும் மில்லிலிட்டருக்கு சுமார் 93 நானோகிராம். பாக்டீரியாவைத் தடுக்க வேண்டியது இரண்டு லட்சம் நானோகிராமுக்கு மேல்.

அப்படியானால் அளவைக் கூட்டினால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1909 முதல் 1914 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்பெல்லர் ஆணையம் நடத்திய கொக்கிப்புழு ஒழிப்பில் தைமாலைக் கிராம் கணக்கில் விழுங்கக் கொடுத்தார்கள். குடலில் இருந்த புழு செத்தது. ஆனால் கொழுப்போ சாராயமோ சேர்ந்தால் தைமால் உடலுக்குள் உறிஞ்சப்பட்டு ஆளையே பாதிக்கும் என்பதால், நோயாளிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் கைவிட்டுவிட்டார்கள். சவ்வைக் கரைக்கும் பொருளுக்கு எது பாக்டீரியாவின் சவ்வு, எது நம் செல்லின் சவ்வு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பென்சிலின் அப்படியல்ல. நம்மிடம் இல்லாத செல்சுவரைக் குறிவைப்பதால்தான் அது நம்மை விட்டுவிடுகிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் குப்பிகளை மருந்தைப்போலப் பூட்டி வையுங்கள். கிராம்பு எண்ணெயைச் சில மில்லிலிட்டர் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் பழுதான நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தையின் மூக்கருகே மென்தால் தடவினால் மூச்சே நின்றுபோகக்கூடும். இலவங்கப்பட்டை எண்ணெயை நீர்க்காமல் தோலில் தடவுவது தடிப்பையும் ஒவ்வாமையையும் விலைகொடுத்து வாங்குவது.

கடைசியாக அந்த வெட்டுப்பலகை. தைம் எண்ணெய் தண்ணீரில் கலக்காது. பாட்டிலைக் குலுக்கினால் கலந்ததுபோல் தெரியும், கீழே வைத்த ஒரு நிமிடத்தில் மேலே மிதக்கும். துணியை நனைக்கும்போது ஓரிடத்தில் எண்ணெய்த் துளி, மற்ற இடமெல்லாம் வெறும் தண்ணீர். தைமால் கலந்த கிருமிநாசினிகள் கடையில் உண்டுதான். ஆனால் அவற்றில் எண்ணெயைச் சீராகப் பரப்ப வேறு பொருள் சேர்த்திருப்பார்கள், பரப்பைப் பத்து நிமிடம்வரை ஈரமாக வைத்திருக்கவும் சொல்வார்கள். யாருக்கு அவ்வளவு பொறுமை? சோப்பும் சூடான தண்ணீரும் போட்டுக் கத்தித் தடங்களின் உள்ளே பிரஷ் போகும்படி தேய்த்துக் கழுவி, பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி நன்றாகக் காயவிடுங்கள். பச்சை இறைச்சி வெட்டும் பலகையில் காயை வெட்டாதீர்கள். தைம் கிளை மிச்சம் இருந்தால் சூப்பில் போடுங்கள், அங்கே அது மணத்துக்காக.